டர்பன் பப்பில் ஞாயிறு மதியம் காமெடி: போங்கள், முன் வரிசையில் மட்டும் உட்காராதீர்கள்

கேள்வி சுருக்கமாக இதுதான். சென்னையிலிருந்து வேலைக்காகத் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்கு வந்து நாலு மாதம் ஆகிறது. கூட வேலை பார்க்கும் கோவிந்தர் என்பவர், இந்தியர்கள் நிறைந்த சாட்ஸ்வொர்த் பகுதியில் தன் வீட்டுப் பக்கத்து பப்பில் ஞாயிறு மதியம் ஸ்டாண்ட்-அப் காமெடி (ஒருவர் தனியாக மைக் பிடித்து நின்று சிரிக்கவைப்பது) நடக்கிறது, மனைவியையும் கூட்டிக்கொண்டு வா என்கிறார். வருகிறவர்களில் பாதிப் பேர் தமிழர்கள் என்றும் சொல்லியிருக்கிறார். தமிழில் பேசுவார்களா? நமக்குப் புரியுமா? குடிக்காத ஒரு பெண் அங்கே போய் உட்காரலாமா? அதுவும் மட்ட மத்தியானத்தில் என்ன காமெடி?

போகலாம். கட்டாயம் போங்கள். முன் வரிசையில் மட்டும் உட்காராதீர்கள். ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளப் பதில்.

நான் தூத்துக்குடிக்காரன். டர்பன் வந்து 19 வருஷம் ஆகிறது. வாரநாளில் ஆம்ப்ளிஃபையர், டிவி பழுது பார்ப்பது தொழில். ஞாயிற்றுக்கிழமைகளில், பதினொரு வருஷமாக, நீங்கள் கேட்கிற மாதிரியான ஒரு பப்பில் மைக் செட் போடுகிறேன். மேடை ஏறியதில்லை. மேடைக்குப் பக்கத்தில் மிக்ஸர் முன்னால் உட்கார்ந்து, யாருக்குச் சிரிப்பு விழுந்தது, யாருக்கு விழவில்லை என்று பார்த்துக்கொண்டே இருந்தவன், அவ்வளவுதான்.

முதலில் மொழி. தமிழில் பேச மாட்டார்கள். இங்கிலீஷ்தான். ஆனால் நாம் பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீஷ் இல்லை, சாட்ஸ்வொர்த் இங்கிலீஷ். முதல் பத்து நிமிஷம் ஒன்றும் பிடிபடாது. சின்னப் பையன் 'லைட்டி', வயசானவர் 'பாலி', முதலாளி, பணக்காரன், வெள்ளைக்காரத் துரை எல்லாரும் 'லானி'. தங்களையே 'சாரோ' என்று சொல்லிக்கொள்வார்கள். அது அவர்களுக்குள் புழங்குகிற வார்த்தை; நேற்று வந்த நாம் அதை எடுத்து வீசாமல் இருப்பது நல்லது. யாராவது 'வாட் கைண்ட்?' என்று கேட்டால் எந்த வகை, என்ன ரகம் என்று யோசித்துக்கொண்டு நிற்காதீர்கள். எப்படி இருக்கே என்று கேட்கிறார்கள்.

இந்த இங்கிலீஷுக்கு நடுவே திடீரென்று ஒரு தமிழ் வார்த்தை வந்து விழும். அய்யோ. ஆயா. பொட்டு. பூசாரி. காவடி. கவனித்துப் பாருங்கள், சிரிப்பு பல நேரம் அந்த வார்த்தையில்தான் வெடிக்கும்.

காரணம் இருக்கிறது. 1860 நவம்பர் 16-ஆம் தேதி மதராஸிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் 342 பேரோடு டர்பனுக்கு வந்தது. 1911 வரை இப்படி ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் சுமார் ஒன்றரை லட்சம் பேர். கரும்புத் தோட்டம், ரயில்வே, நிலக்கரிச் சுரங்கம், நகராட்சித் துப்புரவு என்று போனார்கள். மூன்று நாலு தலைமுறைக்குள் வீட்டுப் பேச்சு இங்கிலீஷ் ஆகிவிட்டது. கடைக்கும் ஆபீசுக்கும் பள்ளிக்கும் தமிழ் தேவைப்படவில்லை. கோயில், அடுப்படி, சாவு வீடு, திட்டு, இந்த நாலு இடத்தில்தான் தங்கியது. ஆகவே மேடையில் ஒரு தமிழ் வார்த்தை விழுந்தால், கேட்கிறவருக்கு அது மொழியாகக் கேட்பதில்லை. பாட்டியாகக் கேட்கிறது.

ஒரு உதாரணம். எங்கள் பப்பில் அடிக்கடி மேடையேறும் ஒரு அம்மா, ஐம்பது தாண்டியவர், ஓய்வு பெற்ற டீச்சர். அவர் சொல்வது ஏறக்குறைய இப்படி: "என் ஆயாவுக்குத் தமிழ் மட்டும் தெரியும். எனக்கு இங்கிலீஷ் மட்டும் தெரியும். ஒரே கட்டிலில் பதினாறு வருஷம் படுத்தோம். எங்களுக்குள் இருந்தது ஒரே ஒரு வார்த்தை. அய்யோ." அப்புறம் அந்த ஒரே வார்த்தையை எட்டு விதமாகச் சொல்லிக் காட்டுவார். பால் பொங்கியதற்கு ஒன்று. ரிப்போர்ட் கார்டுக்கு ஒன்று. மருமகள் வீட்டார் வாசலில் வந்து நிற்பதற்கு, வாயைக் கையால் பொத்திக்கொண்டு, ஒன்று. எட்டாவது அய்யோவில் சத்தமே வராது. தோள் மட்டும் கீழே இறங்கும். யார் செத்துப்போனார்கள் என்று அவர் சொல்வதே இல்லை. கூட்டம் சிரித்துக்கொண்டே இருக்கும்போது சட்டென்று நின்று போகும் அந்த இடத்தில், ஒரு கிளாஸ் வைக்கும் ஓசை கூடக் கேட்கும். மூணு எண்ணுவார். பிறகு, "அதுக்கப்புறம் ஆயா இங்கிலீஷில் சொன்னாள்: டீ போடு." கூரை பறக்கும். நான் அந்த மூணு எண்ணிக்கையை இருபது தடவையாவது கேட்டிருப்பேன். ஒரு நாளும் நாலு ஆனதில்லை.

பெயர்களை வைத்து நிறைய ஓடும். உங்கள் நண்பர் கோவிந்தர் என்கிறீர்கள். பலரும் இதை கோவிந்தன், கோவிந்தசாமி என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது நம் கவுண்டர். முதலியார் 'மூட்லி' ஆனார், நாயக்கர் 'நாய்க்கர்' ஆனார், பிள்ளை 'பில்லே' ஆனார். அன்றைக்கு ஆங்கிலேய குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதினான், அதுவே பரம்பரைப் பெயராக நின்றுவிட்டது. "எங்கள் குடும்பமே ஒரு ஸ்பெல்லிங் மிஸ்டேக்" என்று ஒரு பையன் ஆரம்பிப்பான். "வருத்தப்படாதீங்க, தெலுங்கு ஆளுங்களைப் பாருங்க, அவங்க ஸ்பெல்லிங் மிஸ்டேக் அரசியல் சட்டத்திலேயே இருக்கு." இது வெறும் ஜோக் இல்லை. 1996 அரசியல் சட்டத்தின் 6-ஆவது பிரிவு, மதித்துப் பேண வேண்டிய மொழிகள் என்று தமிழ், தெலுங்கு, இந்தி, குஜராத்தி, உருது எல்லாவற்றையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அதில் தெலுங்குக்கு மட்டும் ஒரு எழுத்து பிசகி அச்சாகியிருக்கிறது. இன்றைக்கும் அப்படியேதான் இருக்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. இந்தப் பெயர்களைக் கேட்டதும் நம் ஊர்ப் பழக்கத்தில் ஒரு கணக்குப் போடத் தோன்றும். வேண்டாம். பெரும்பாலோருக்கு அது வெறும் குடும்பப் பெயர். 'நீங்கள் எந்தக் கவுண்டர்?' என்று இடைவேளையில் ஒருவர் கேட்டதையே அடுத்த மாதம் ஒருத்தர் ஐந்து நிமிஷ ஐட்டமாக்கிவிட்டார்.

சாதிக்குப் பதில் இங்கே ஓடும் கேலி, கூழுக்கும் ரொட்டிக்கும் நடுவில். தமிழர்களை 'பாரிட்ஜ்' என்பார்கள், இந்தி பேசிய குடும்பத்தாரை 'ரொட்டி' என்பார்கள். ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவதை இங்கே 'பாரிட்ஜ் பிரேயர்' என்றே சொல்வார்கள், அதிலிருந்து வந்தது. கல்யாணத்தில் ஒரு பக்கம் பாரிட்ஜ், ஒரு பக்கம் ரொட்டி என்றால் ஒரு காமெடியனுக்கு அரை மணி நேரத்துக்குச் சரக்கு கிடைத்துவிடும். ஒவ்வொரு ஞாயிறும் மூணு பேர் அந்தக் கல்யாணத்தைத்தான் பண்ணிவைக்கிறார்கள் என்பது வேறு விஷயம். எனக்கே அலுத்துவிட்டது.

இன்னொன்று, 'துனி'. பப்பின் ஒரு மூலையில் நாலு பேர் சீட்டு விளையாடிக்கொண்டிருப்பார்கள். ஆளுக்கு ஆறு சீட்டு, மொத்தம் 24. ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. கூட்டிப் பாருங்கள்: 304. நம் கடற்கரை ஊர்களிலும் யாழ்ப்பாணத்திலும் விளையாடும் முந்நூற்று நாலு ஆட்டத்தின் அதே கணக்கு! முதல் தடவை பார்த்தபோது எனக்கு மயிர் கூச்செறிந்தது. பெயரை 'தண்ணி'யிலிருந்து வந்தது என்று இங்கே சொல்வார்கள். ஆறு பிடியையும் நானே எடுப்பேன் என்று சவால் விடுகிறவன் "துனி!" என்று கத்துவான். மேடையில் ஒரு காமெடியன் பெரிய ஜோக் ஒன்றை எடுக்கும் முன் மைக்கைக் கையில் எடுத்துக்கொண்டு "துனி" என்றால், இது விழாவிட்டால் மொத்தமும் போச்சு என்று அர்த்தம். இது தெரியாமல் போனால் அந்தச் சிரிப்பு உங்களைத் தாண்டிப் போய்விடும்.

இந்தக் கலை அமெரிக்காவிலிருந்து வந்தது, இவர்கள் காப்பி அடிக்கிறார்கள் என்று நம் ஆட்கள் சிலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். மைக்கும் ஸ்டூலும் வேண்டுமானால் அங்கிருந்து வந்திருக்கலாம். தோட்டக்காட்டில் ஆடிய தெருக்கூத்துக்கு இங்கே 'சிக்ஸ் ஃபுட் டான்ஸ்' என்று பெயர். கூத்தில் கட்டியக்காரன் என்ன செய்வான்? ராஜா வருவதற்கு முன் வந்து கூட்டத்தைச் சரிக்கட்டுவான், ஊர்ப் பெரியவரைக் கிண்டல் பண்ணுவான், ராஜா வந்தபின் அவரையும் விடமாட்டான். எங்கள் பப்பில் நிகழ்ச்சியை நடத்துகிற எம்சி செய்வது வரிக்கு வரி அதுதான். அவருக்குக் கட்டியக்காரன் என்ற வார்த்தை தெரியாது. நான் ஒரு நாள் சொன்னேன். "என் தாத்தா முகத்தில் அரிதாரம் பூசி ஆடினார் என்று அப்பா சொல்வார், பெயர் தெரியாது" என்றார். அன்று நிகழ்ச்சி அரை மணி தாமதம்.

அப்புறம், பாரையும் சிரிப்பையும் சேர்த்த நாடகம் ஒன்று. ரானி கோவிந்தர் 1970-களில் எழுதி அரங்கேற்றிய 'தி லானீஸ் பிளெஷர்'. கதை நடக்கும் இடம் மவுண்ட் எட்ஜ்கோம்பில், கரும்புக் காட்டுக்கு நடுவே உள்ள ஒரு ஹோட்டலின் பார். ஆட்கள் நிறத்துக்குத் தகுந்தபடி பிரிந்து உட்கார்ந்து குடித்த காலம். அங்கே தோட்டத்து மனிதர்கள் எப்படிப் பேசுவார்களோ அதே கொச்சையில் மேடையில் பேசவைத்தார். தங்கள் பேச்சைத் தாங்களே மேடையில் கேட்டு ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்து முடித்தபின் எதற்குச் சிரித்தோம் என்பது தொண்டையில் நின்றது. இன்றைக்குப் பப்பில் மைக் பிடிக்கிற 22 வயதுப் பையன் அந்த நாடகத்தைப் பார்த்திருக்க மாட்டான். ஆனால் 'நம் கொச்சையில் பேசினால் போதும், அதுவே மேடைக்குத் தகுதி' என்ற தைரியம் அவனுக்கு அங்கிருந்துதான் வந்தது என்பது என் எண்ணம். பின்னால் வந்த கிரிஜே கோவிந்தர், ஜைலோஷினி நாயுடு போன்ற பெண்கள் அந்தக் கொச்சையைச் சமையலறைப் பக்கமாகத் திருப்பினார்கள். போவதற்கு முன் பயிற்சி வேண்டுமானால், 2017-ல் வந்த 'கீப்பிங் அப் வித் த கந்தசாமீஸ்' படத்தை ஒரு தடவை பாருங்கள். சாட்ஸ்வொர்த்தில் நடக்கிற கதை. ஜைலோஷினி அதில் நடித்திருக்கிறார். காது பழகிவிடும்.

சாட்ஸ்வொர்த் பற்றியும் ஒரு வார்த்தை. இன்ன இனத்தார் இன்ன இடத்தில்தான் வாழலாம் என்ற குழுப் பகுதிச் சட்டத்தின் பேரில் கேட்டோ மேனரிலிருந்தும், நகராட்சித் தொழிலாளர்கள் வாழ்ந்த மேகஸின் பேரக்ஸிலிருந்தும் குடும்பங்களைப் பெயர்த்துக் கொண்டுவந்து 1960-களில் குடியேற்றிய இடம். பகுதிகளுக்கு யூனிட் 1, யூனிட் 2 என்று எண் போட்டார்கள். இன்றைக்கு அந்த எண்களே ஜாதகம் மாதிரி. "நான் யூனிட் 3" என்று ஒருவர் சொன்னாலே பின்வரிசை சிரிக்கும். ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள், 19 வருஷத்தில் எனக்கும் முழுசாகப் பிடிபடவில்லை.

சரி, மதியத்துக்கு வருகிறேன். ஸ்டாண்ட்-அப்புக்கு மதியம் மாதிரி எதிரி வேறில்லை. ராத்திரி என்றால் மேடையில் மட்டும் வெளிச்சம், கூட்டம் இருட்டில். இருட்டில் மனிதன் கூச்சமில்லாமல் சிரிப்பான். பகல் வெளிச்சத்தில் பக்கத்து மேஜையில் மாமியாரின் தங்கை உட்கார்ந்திருப்பது தெரியும். ஆகவே முதல் வேலை, ஜன்னல்களை மூடுவது. எங்கள் பப்பில் மேற்குப் பார்த்த மூணு ஜன்னலுக்கும் என் மனைவியின் பழைய கறுப்புப் புடவைகள்தான் திரை. இரண்டாவது வேலை, காலி நாற்காலிகளை எடுத்துவிடுவது. நாற்பது பேர் நெருக்கி உட்கார்ந்தால் சிரிப்பு ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும். அதே நாற்பது பேர் எண்பது நாற்காலியில் பரவினால் ஆளுக்கு ஒரு புன்னகையோடு நின்றுவிடும். கூரை தாழ்வாக இருந்தால் நல்லது. ஏசி கொஞ்சம் குளிராக இருந்தால் ரொம்ப நல்லது. டர்பன் புழுக்கத்தில் வியர்த்துக்கொண்டு யாரும் சிரிக்க மாட்டார்கள்.

மூன்றாவது வேலை சமையலறையோடு சமாதானம் பேசுவது. ஐஸ் அரைக்கும் மிக்ஸியை ஓட்டாதே, மணி அடிக்காதே, ஆர்டரைக் கத்தாதே. கேட்க மாட்டார்கள். ஒரு ஞாயிறு, புதுப் பையன் ஒருவன் தன் அப்பா வேலை போன கதையை மெதுவாகக் கட்டி எழுப்பிக்கொண்டிருந்தான். கடைசி வரிக்கு முன் ஒரு மூச்சு விட்டான் பாருங்கள், அந்த மூச்சில் சமையலறை ஜன்னல் திறந்து, "குவார்ட்டர் மட்டன், டேபிள் சிக்ஸ்!" மொத்தக் கூட்டமும் வெடித்தது. கால் பிரெட்டில் குழி தோண்டி மட்டன் குழம்பு ஊற்றின 'பன்னி சௌ' என்ற டர்பன் சாப்பாட்டுக்குக் கிடைத்த சிரிப்பு அவன் அப்பாவுக்குக் கிடைக்கவில்லை. நான் அவன் முகத்தைப் பார்த்தேன். வெளிறிப் போயிருந்தது. ஆனால் அடுத்து வந்த எம்சி கெட்டிக்காரர். அன்று முழுக்க யார் மேடையை விட்டு இறங்கினாலும், "அவருக்கு ஒரு கை தட்டுங்க, டேபிள் சிக்ஸுக்கும்" என்றார். ஆறாம் மேஜையில் உட்கார்ந்து அந்த 'பன்னி சௌ'வைத் தின்ற அங்கிள் கடைசியில் எழுந்து வணக்கம் வைத்தார். ஒரு நிகழ்ச்சியில் முன்னால் விழுந்ததைப் பின்னால் எடுத்து மறுபடி வீசுவதை 'கால்பேக்' என்பார்கள். பப்பில் பாதி கால்பேக் சமையலறைதான் கொடுக்கிறது.

பக்கத்து அறையில் டிவி வேறு. ஞாயிறு மதியம் இங்கிலீஷ் பிரீமியர் லீக் நேரம். இங்கே லிவர்பூல், மான்செஸ்டர் யுனைடெட் இரண்டும் கிட்டத்தட்ட மதம். மேடையில் ஒருவர் பேசாமல் நிற்கும் நொடியில் சுவருக்கு அந்தப் பக்கம் கோல் விழுந்து ஆரவாரம் கேட்டால், நல்ல காமெடியன் தலை குனிந்து நன்றி சொல்லி ஏற்றுக்கொள்வார்.

இவ்வளவு தொல்லை இருந்தும் ஏன் மதியம்? பதில் சாதாரணம். ராத்திரி வண்டி ஓட்ட ஜனங்களுக்கு இஷ்டமில்லை. திங்கட்கிழமை வேலை. மதியச் சாப்பாட்டுக்கும் மாலைக்கும் நடுவில் பப்புக்கு வியாபாரம் படுத்திருக்கும். ஆன்ட்டிகள் வருவதும் மதியத்துக்குத்தான், ஆன்ட்டிகள் இல்லாவிட்டால் இந்த நிகழ்ச்சியே இல்லை. மேடையில் இருப்பவனைக் கலைஞன் என்று அவர்கள் நினைப்பதில்லை, தங்கை மகன் என்றே நினைக்கிறார்கள். ஒருத்தன் கொஞ்சம் பச்சையாகப் போனபோது நடு மேஜையிலிருந்து ஒரு ஆன்ட்டி, "பாய், நீ இப்படிப் பேசுறது உங்க அம்மாவுக்குத் தெரியுமா?" அவன் யோசிக்கவே இல்லை: "அவங்கதான் எழுதிக் கொடுத்தாங்க, ஆன்ட்டி. உங்களைப் பத்தினது அடுத்தது வருது."

மின்வெட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன், அது என் தப்பு. லோட் ஷெடிங் தீவிரமாக இருந்த காலம். அட்டவணைப்படி மாலை நாலுக்குத்தான் போகும் என்று நினைத்து இன்வெர்ட்டரை நான் சார்ஜ் போடவில்லை. மூணு இருபதுக்குப் போனது. மைக் செத்தது. ஃபிரிட்ஜ்களின் ரீங்காரம் நின்றது. அதுவரை அப்படி ஒரு சத்தம் இருந்ததே அப்போதுதான் தெரிந்தது. டிவி நின்றது, மிக்ஸி நின்றது. நான் வயர்களோடு கட்டிப் புரண்டுகொண்டிருந்தபோது, மேடையில் இருந்தவர் காலி பீர் கிரேட் ஒன்றைக் கவிழ்த்து நடுவில் போட்டு அதன்மேல் ஏறி நின்றார். யாரோ எழுந்து போய் என் மனைவியின் புடவைகளில் ஒன்றை விலக்கினார்கள். ஒரு கீற்று வெயில். மைக் இல்லாமல் பேச வேண்டியிருந்ததால் அவர் அவசரப்படவில்லை. கேட்க வேண்டியிருந்ததால் கூட்டம் அசையவில்லை. பதினொரு வருஷத்தில் நான் கேட்ட நல்ல இருபது நிமிஷம் அதுதான். அதற்கு நான் போட்ட சவுண்ட்: ஒன்றுமில்லை.

நேரக் கணக்கு தெரிந்தால் பார்ப்பதற்குச் சுவை கூடும். புதிதாக வருகிறவருக்கு ஐந்து நிமிஷம். நடுவில் வருகிறவர்களுக்குப் பத்துப் பதினைந்து. கடைசியில் வரும் பெரிய ஆளுக்கு அரை மணி. ஒரு நிமிஷம் பாக்கி இருக்கும்போது நான் போன் டார்ச்சை அடித்துக் காட்டுவேன். அனுபவசாலி கண்ணால் தலையாட்டிவிட்டு முடிப்பார். புதியவர் அதைப் பார்த்துப் பயந்து, இன்னும் நாலு நிமிஷம் பேசுவார். ஐந்து நிமிஷம் என்பது கொஞ்சம் என்று நினைக்காதீர்கள். பட்டிமன்றத்தில் ஒரு பேச்சாளர் இரண்டு நிமிஷம் விஷயம் சொல்லி ஒரு தடவை கைதட்டல் வாங்கினால் போதும். இங்கே கால் நிமிஷத்துக்கு ஒரு சிரிப்பு விழவில்லை என்றால் ஜனங்கள் மெனு கார்டைப் படிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று கேட்டால், இந்த ஊர் நம் ஊரை விட தாராளம். மேஜையில் இருக்கிற கார்லிங் ப்ளாக் லேபல் பாட்டிலுக்கே ஒரு கதை உண்டு. ஒரு சின்ன டி-ஷர்ட் கம்பெனி அந்த லேபிளைக் கிண்டலடித்து, 'கறுப்பு உழைப்பு, வெள்ளைக் குற்ற உணர்ச்சி' என்று பொருள் வரும்படி மாற்றி அச்சடித்து விற்றது. பீர் கம்பெனி வழக்குப் போட்டது. கீழ்க் கோர்ட்டுகளில் ஜெயித்தது. 2005-ல் அரசியல் சட்ட நீதிமன்றம் டி-ஷர்ட்காரன் பக்கம் தீர்ப்புச் சொன்னது. நீதிபதி ஆல்பி சாக்ஸ் தன் தனித் தீர்ப்பைத் தொடங்கியதே, சட்டத்துக்கு நகைச்சுவை உணர்வு உண்டா என்ற கேள்வியோடு. வெறுப்புப் பேச்சுக்குச் சட்டம் தனியாக இருக்கிறது, அதைத் தாண்டினால் விவகாரம்தான். ஆனால் மந்திரியை, போலீஸை, முதலாளியைக் கிண்டல் பண்ணினால் யாரும் வந்து மேடையை உடைப்பதில்லை. சாமி விஷயத்தில் மட்டும் கூட்டமே ஒரு கோடு வைத்திருக்கிறது. பூசாரியைக் கிண்டல் பண்ணலாம், அம்மனைக் கூடாது. எழுதப்படாத விதி. மீறினவனுக்குக் கூச்சல் வராது, அமைதி வரும். அது இன்னும் மோசம்.

இப்போது முன் வரிசை. நீங்கள் வாயைத் திறந்ததும் உங்கள் பேச்சைக் கேட்டு எம்சி கண்டுபிடித்துவிடுவார். நம்மை இங்கே 'இந்தியா இந்தியன்' என்பார்கள். அவர்களுக்கு நாம் தாயகத்து உறவுக்காரர் இல்லை, நேற்று இறங்கின ஆள். நான் முதல் தடவை மாட்டினபோது இப்படி நடந்தது.

"அங்கிள் எந்த ஊர்?"

"இந்தியா. தமிழ்நாடு."

"வந்து எவ்வளவு நாள்?"

"எட்டு வருஷம்."

"நாங்க 1860-லேயே கிளம்பிட்டோம். நீங்க என்ன, இவ்வளவு நேரம்? டிராஃபிக்கா?"

நானும் சிரித்தேன். அவர் விடவில்லை. "பத்து வருஷம் முடிஞ்சா இலவசமா ஊருக்குத் திருப்பி அனுப்புறோம்னு எங்க தாத்தாவுக்குச் சொன்னீங்களே, அந்த டிக்கெட் எங்கே?" ஒப்பந்தத்தில் அப்படி ஒரு ஷரத்து உண்மையிலேயே இருந்தது, பெரும்பாலோர் திரும்பவில்லை. கூட்டம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. பதில் சொல்ல எனக்கு ஒன்றும் வரவில்லை. அதையும் அவர் பார்த்தார், "பரவாயில்லை அங்கிள், இப்ப ஒரு கேன் வாங்கிக் கொடுங்க, கணக்கு தீர்ந்துச்சு" என்று முடித்தார். கேன் என்பது கரும்பில் காய்ச்சுகிற சாராயம். தாத்தா வெட்டின அதே கரும்பு. வாங்கிக் கொடுத்தேன். அதன் பிறகுதான் மைக் செட் வேலையே கிடைத்தது.

உங்களுக்கு இது பிடிக்கும் என்றால் முன் வரிசையில் தாராளமாக உட்காருங்கள். மனைவியோடு முதல் தடவை போகிறவர் என்றால் மூன்றாவது வரிசை, சுவரோரம். திருப்பிப் பதில் சொல்லி ஜெயிக்க மட்டும் முயற்சி பண்ண வேண்டாம். மைக் அவர்கள் கையில் இருக்கிறது, சத்தம் கூட்டிக் கொடுக்க என்னைப் போல ஒருவன் வேறு இருக்கிறான்.

மற்றதெல்லாம் சின்ன விஷயம். இரண்டு மணி என்று போட்டிருந்தால் இரண்டே முக்காலுக்கு ஆரம்பிக்கும். ஆனாலும் சீக்கிரம் போனால்தான் இடம். போட்டோ எடுக்கலாம், வீடியோ எடுக்காதீர்கள். அவர்கள் அதே ஜோக்கை அடுத்த வாரம் வேறு பப்பில் சொல்ல வேண்டும். சாப்பாட்டைத் தொடங்கும் முன்பே ஆர்டர் பண்ணிவிடுங்கள், டேபிள் சிக்ஸ் ஆகிவிடாதீர்கள். காரைப் பார்த்துக்கொள்ளும் ஆளுக்குச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். ரத்தத்தில் 100 மில்லிக்கு 0.05 கிராம் ஆல்கஹால்தான் வரம்பு, ஞாயிறு மாலை ரோட்டில் மறித்து ஊதச் சொல்வார்கள். ஆகவே குடிக்கிறவர் ஓட்ட வேண்டாம்.

உங்கள் மனைவிக்கு ஒரு சங்கடமும் இருக்காது. பாதி மேஜையில் குடிக்காத பெண்கள்தான் இருப்பார்கள், சிரிப்பில் முந்துவதும் அவர்கள்தான். க்ரீம் சோடா கேட்கச் சொல்லுங்கள். பச்சைக் கலரில் வரும். மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்று திருப்பி அனுப்பிவிடாதீர்கள், இந்த ஊரில் அதன் நிறமே அதுதான்.